கரணையும் கணக்கும்

வீடு கட்டுவோர் கடைக்காலின் உறுதியைப் பற்றிப் பேசுவர். கூரையின் உயரத்தைப் பற்றிப் பேசுவர். ஆயினும், வீட்டிற்குள் நுழைவோரின் கண்ணில் முதலிற் படுவது சுவரின் மேற்பூச்சேயாகும். செங்கல்லின் மேடு பள்ளங்களை மறைத்து, மழையும் வெயிலும் சுவரை அரிக்காமற் காத்து, வீட்டிற்கு வனப்பையும் தருவது அப்பூச்சு. உட்சுவரில் அதன் கனம் அரை அங்குலந்தான். அவ்வரை அங்குலத்தில் அடங்கியுள்ள அறிவோ பெரிது. அவ்வறிவிற்கு விலை யாது? அதனை வரையறுப்பது எங்ஙனம்? கைகள் மலிந்திருந்த காலத்தில் இவ்வினாவை எழுப்புவார் இலர். கரணை பிடிக்கும் இளைஞர் அருகிவரும் இக்காலத்தில் அது தெருத்தோறும் எழுகின்றது.

தமிழகத்தில் இத்தொழில் தொன்மை வாய்ந்தது. புகார் நகரில் வாழ்ந்த வினைஞரை வரிசைப்படுத்திக் கூறும் சிலப்பதிகாரம் மண்ணீட்டாளரையும் மறவாது குறிப்பிடுகின்றது. செட்டிநாட்டு மாளிகைகளில் சுண்ணாம்புடன் முட்டையின் வெண்கருவும் சேர்த்து மெருகேற்றிய சுவர்கள் பளிங்குபோல் இன்றும் ஒளிர்கின்றன. சுண்ணாம்புக் காரை இருந்த இடத்தைப் பின்னாளிற் சிமெண்டு பற்றிக்கொண்டது. எனினும், கரணையும் மட்டக்கோலும் தூக்குக்குண்டும் ரசமட்டமும் கொத்தனாரின் கைவிட்டு அகலவில்லை.

சேலம் மாவட்டத்திலுள்ள மேட்டூர், கட்டட வேலையாற் பெயர் பெற்ற ஊர். காவிரியின் குறுக்கே அங்கு 1925ஆம் ஆண்டிற் தொடங்கிய அணை வேலை 1934ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. அணையின் நீளம் 5,300 அடி. அந்நாளிற் சென்னை மாகாண ஆளுநராக விளங்கிய ஸ்டான்லியின் பெயரை நீர்த்தேக்கம் பெற்றது. தேக்கத்தில் நீர் நிறைந்தபோது சிற்றூர்கள் பல மூழ்கின. நீர்மட்டம் பெரிதும் தாழ்ந்த ஆண்டுகளிற் பண்ணவாடிப் பக்கத்திலே பழைய சிவன் கோயிலின் நந்தியும், கிறித்தவக் கோயில் ஒன்றின் கோபுரங்களும் வெளிப்பட்டன. மக்கள் திரண்டு சென்று கண்டனர். பல்லாண்டு நீருள் மறைந்திருந்தும் நின்ற அக்கோபுரங்களைக் கட்டியவர் யார், பூசியவர் யார் என்று சொல்வார் இலர். பெயர் மறைந்தது, கைத்திறன் நின்றது.

மேட்டூரை அடுத்த கருமலைக்கூடலிற் கொத்தனார் ஒருவர் வாழ்ந்துவருகிறார். வயது அறுபத்தைந்தைக் கடந்தும் அவர் கண்ணின் கூர்மை மழுங்கவில்லை. சுவரின் ஒரு முனையில் நின்று பார்த்த அளவிலேயே, எங்கே அது வயிறு தள்ளியிருக்கிறது, எங்கே குழிந்திருக்கிறது என்று கூறிவிடுவார். பின்னர் மட்டக்கோலை வைத்துப் பார்ப்பின் அவர் சொல் பொய்ப்பதில்லை.

இளமையில் அவர் இத்தொழிலைக் கற்ற முறை எளிதன்று. முதலாண்டு மணல் சலித்தார். இரண்டாம் ஆண்டு கலவை குழைத்தார். மூன்றாம் ஆண்டிலேதான் ஒரு வீட்டின் பின்புறச் சுவரிற் கரணை வைக்க ஆசான் இசைவளித்தார். அம்மூன்று ஆண்டுகளிலும் அவருக்குக் கிடைத்தது நண்பகல் உணவும், வாரக் கடைசியிற் சில்லறைக் காசும் மட்டுமே. கற்பவன் கூலி கேட்டல் ஆகாது என்பது அந்நாளைய வழக்கம். வீடு கட்டுவோர் அக்காலத்தில் பூச்சு வேலை மலிவாக முடிந்ததென்று மகிழ்ந்தனர். அம்மலிவின் ஒரு பகுதி, கற்கும் பிள்ளையின் பசியிலிருந்து வந்தது என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

காலம் மாறியது. ஊர்தோறும் பள்ளிகள் பெருகின, கல்லூரிகள் எழுந்தன. கொத்தனாரின் பிள்ளைகள் படித்துத் தொழிற்சாலைக்கும் அலுவலகத்திற்கும் சென்றனர். அது வரவேற்கத்தக்கதே. ஆனால், கல்வி மட்டுமே இளைஞரைக் கரணையிலிருந்து பிரித்தது என்று கூறுவது முழு உண்மையாகாது. மழை பெய்தால் வேலையில்லை, வேலையில்லையேற் கூலியில்லை. சாரத்திலிருந்து தவறி வீழ்வோர் குடும்பம் தத்தளிக்கும். அவ்வச்சத்தைத் தணிக்கவே 1994ஆம் ஆண்டிற் தமிழ்நாட்டிற் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைக்கப்பட்டது. உதவிகள் பல வந்தபோதிலும், திங்கள்தோறும் ஊதியம் பெறுவோனுக்கு ஊரார் தரும் மதிப்பு நாட்கூலி பெறுவோனுக்குக் கிட்டவில்லை. ஆகவே, தமிழ்நாட்டுக் கட்டட வேலைகளிற் பீகார், ஒடிசா முதலிய வடமாநிலங்களிலிருந்து வரும் இளைஞரே இன்று பெருந்துணையாக நிற்கின்றனர். பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து உழைக்கும் அவர்கள் குறைகூறத் தக்கவரல்லர்.

கொத்தனாரின் மகள் வயிற்றுப் பேரன் பத்தொன்பது வயதினன். பன்னிரண்டாம் வகுப்புத் தேறி ஓராண்டு வேலை தேடியவன். ஒருநாள் அவன் பாட்டனாரிடம் வந்து, "தாத்தா, மூன்று மாதம் உங்களோடு வருகிறேன். கற்கும் நாளிலும் கூலி உண்டென்றால் இத்தொழிலிலேயே நிற்பேன். இல்லையென்றால் கம்பெனிக்குப் போய்விடுவேன்" என்றான். அவன் தாயோ, "நீங்கள் பட்டது போதாதா அப்பா? கரணை பிடிப்பவனுக்கு யார் பெண் கொடுப்பார்?" என்று வருந்தினாள். கொத்தனார் மகளுக்கு மறுமொழி கூறவில்லை. பேரனை மட்டும் நோக்கி, "நாளைக்கு வா, அளவுநூலைப் பிடி" என்றார்.

மறுநாள் அவர்கள் சென்றது, மேட்டூர் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் புதிதாகக் கட்டிய வீட்டிற்கு. சுவர்கள் எழுந்து கூரையும் முடிந்திருந்தது; பூச்சு வேலையே எஞ்சியிருந்தது. பேரன் நூலைப் பிடிக்கக் கொத்தனார் அளந்தார். உட்சுவர், புறச்சுவர், மேற்கூரையின் அடிப்புறம் ஆகிய எல்லாம் சேர்ந்து 2,400 சதுர அடி ஆயிற்று. பொருள் வீட்டுக்காரருடையது, கூலிக்கு மட்டுமே விலை கூறவேண்டும்.

செய்தி பரவியது. உடன்தொழில் புரியும் ஒருவர் வந்து, "இந்த வட்டாரத்திற் பூச்சுக்கு ஆளே இல்லை. அவர் கிருகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டார். சதுர அடிக்கு முப்பத்தைந்து ரூபாய் கேளும்; வேறு வழியின்றிக் கொடுப்பார்" என்றார். அன்று மாலையே மற்றொருவர் வந்து, "வேறொரு மேத்திரி இருபது ரூபாய்க்குச் செய்வதாகச் சொல்லியிருக்கிறாராம். நீரும் குறைத்துச் சொல்லாவிடின் வேலை கைநழுவும்" என்றார். ஒரே சுவருக்கு இரண்டு விலைகள். ஒன்று வீட்டுக்காரரின் அவசரத்திலிருந்து பிறந்தது. மற்றொன்று கொத்தனாரின் அச்சத்தை எதிர்நோக்கியது. வேலையின் தன்மையிலிருந்து பிறந்த விலை இவ்விரண்டிலும் எதுவுமன்று.

ஆள் குறையுங்காற் கூலி உயர்தல் இன்று தோன்றிய புதுமையன்று. இங்கிலாந்து நாட்டில் 1348ஆம் ஆண்டிற் கொள்ளைநோய் பரவி மக்களிற் பெருந்தொகையினரை மாய்த்தது. எஞ்சிய தொழிலாளர் மிகுந்த கூலி கேட்டனர். நிலமுடையோர் பொறாராயினர். 1351ஆம் ஆண்டில் அந்நாட்டு மன்றம், நோய்க்கு முன்னிருந்த கூலியையே பெறுதல் வேண்டுமென்று சட்டம் வகுத்தது. அச்சட்டத்திற் கொத்தர், ஓடு வேய்வோர் ஆகியோருடன் சுவர் பூசுவோரும் பெயர் குறித்துச் சொல்லப்பட்டனர். பூசுவோனுக்கு நாளொன்றுக்கு மூன்று பென்சு; அவனுக்குத் துணைசெய்யும் சிறுவனுக்கு அதிற் பாதி. ஆயினும், சட்டம் எண்ணியது கைகூடவில்லை. ஆள் தேவைப்பட்டோர் மறைவாக மிகுதியாகக் கொடுத்தனர். அடக்குமுறையால் மனம் புழுங்கிய உழவரும் தொழிலாளரும் 1381ஆம் ஆண்டிற் கிளர்ந்தெழுந்தனர். கூலியைக் கட்டளையால் தடுத்து நிறுத்தல் அரிது என்பதை அவ்வரலாறு காட்டுகின்றது. அச்சட்டத்திற் காணும் மற்றொரு செய்தியும் எண்ணத்தக்கது. துணைநின்ற சிறுவனுக்கும் அதிற் கூலி குறிக்கப்பட்டிருந்தது என்பதே அது.

கொத்தனார் அன்றிரவு விளக்கடியில் அமர்ந்து பேரனிடம் தாளும் எழுதுகோலும் கொடுத்தார். "ஒரு கொத்தனும் ஒரு சித்தாளும் சேர்ந்தால் நாளொன்றுக்கு நூறு சதுர அடி பூசலாம். அப்படியானால் 2,400 அடிக்கு எத்தனை நாள்?" என்றார். பேரன் 24 என்றான். "சாரம் கட்டவும், வழவழப்பான கான்கிரீட்டுப் பகுதிகளைக் கொத்திச் சொரசொரப்பாக்கவும் இரண்டு நாள் சேர்த்துக்கொள்" என்றார். 26 நாள் ஆயிற்று. கொத்தனாருக்கு நாட்கூலி 1,100 ரூபாய், சித்தாளுக்கு 700 ரூபாய், இருவர்க்கும் 1,800. எனவே 26 நாளைக்கு 46,800 ரூபாய். சார மரங்களின் வாடகையும் வண்டிக்கூலியும் 3,200. கருவித் தேய்மானம் 1,000. ஆகக் கூடிய தொகை 51,000 ரூபாய்.

பேரன் கோடிடப் போனான். "பொறு, இன்னொரு வரி உண்டு. பழகுநர் கூலி என்று எழுது" என்றார் முதியவர். நாளொன்றுக்கு 500 ரூபாயாக 26 நாளைக்கு 13,000. "இதிற் பாதியை நான் ஏற்கிறேன். நீ சுமக்கும் வேலையால் எனக்கும் பயன் உண்டு. மறுபாதியான 6,500 ரூபாயை மட்டும் கணக்கிற் சேர்" என்றார். மொத்தம் 57,500. சதுர அடிக்கு ஏறத்தாழ 24 ரூபாய்.

பேரன் வியப்புற்று, "முப்பத்தைந்து கேட்டாலும் கொடுப்பார் என்கிறார்களே, தாத்தா!" என்றான். அவர், "ஆளில்லாத ஊரில் வாய்க்கு வந்த விலை சொல்லுதல், நீரில்லாத ஊரில் தவித்த வாய்க்குத் தண்ணீர் விற்பதைப் போன்றது. இன்றைக்கு வாங்கிவிடலாம். அவர் 'எதற்கு?' என்று கேட்டால் எந்த வரியைக் காட்டுவாய்? காட்டக்கூடிய கணக்கே விலை" என்றார்.

வீட்டுக்காரர் தாளை வாங்கி வரிவரியாகப் படித்தார். கணக்குப் பார்த்துப் பழகியவர் ஆதலின் எளிதில் விடவில்லை. "இருபது நாளில் முடித்துத் தருவதாக இன்னொருவர் சொல்கிறாரே, உமக்கு ஏன் இருபத்தாறு நாள்?" என்று வினவினார்.

கொத்தனார் சுவரருகிற் சென்று விளக்கினார். உலர்ந்த செங்கல்லின் மேற் கலவையை அப்பினாற் செங்கல் அக்கலவையிலுள்ள நீரை உறிஞ்சிவிடும். நீரிழந்த சிமெண்டு இறுகாது உதிரும். ஆதலின் முன்னதாகவே சுவரை நனைத்தல் வேண்டும். ஆற்றுமணல் அரிதாகிவிட்டமையாற் பாறையை உடைத்துச் செய்யும் மணலையே இன்று பயன்படுத்துகின்றனர். பூச்சிற்கு அதனை நன்கு சலித்தல் வேண்டும். பின்னர்த் தூக்குக்குண்டு விட்டுச் சுவரில் ஆங்காங்கே கலவையாற் பொட்டு வைத்து, அப்பொட்டுகள் எல்லாம் ஒரே மட்டத்தில் அமையுமாறு பார்த்தல் வேண்டும். அவற்றிற்கு இடைப்பட்ட வெளியை நிரப்பி, மட்டக்கோலால் இழுத்து, மரக்கட்டையால் தேய்த்தால் சுவர் நேர்படும். நீர் சேர்த்த கலவையை அரைமணிப் பொழுதிற்குள் சுவரில் ஏற்றிவிடல் வேண்டும். இறுகத் தொடங்கிய கலவையில் மீண்டும் நீர் விட்டுக் குழைப்பது நாளை மிச்சப்படுத்தும். பூச்சின் வலிமையைக் கெடுக்கும். "இந்த ஊர் வெயிலில் இவற்றுள் எதை விட்டாலும் ஓராண்டில் வெடிப்புக் காணும், ஐயா. பூசிய பிறகு ஏழு நாளேனும் சுவரை ஈரம் உலராமல் நனைத்துவர வேண்டியது உங்கள் பொறுப்பு" என்று முடித்தார்.

வீட்டுக்காரர் தலையசைத்தார். ஆனால், கடைசி வரியில் அவர் விரல் நின்றது. "உங்கள் பேரன் தொழில் கற்பதற்கு நான் ஏன் பணம் தரவேண்டும்? கற்றபின் அவன் சம்பாதிப்பது எனக்கா வரப்போகிறது?" என்றார். கேள்வி நேரானது. பேரன் தலைகுனிந்தான்.

கொத்தனார் சினங்கொள்ளவில்லை. "ஐயா, தாங்கள் மின்நிலையத்திற் சேர்ந்த முதல் நாளே எல்லா வேலையும் அறிந்திருந்தீர்களா?" என்று பணிவுடன் கேட்டார்.

"இல்லை. பழகுநராகச் சேர்ந்து பயிற்சி பெற்றேன்."

"அப்போது ஊதியம் உண்டா?"

"உதவித்தொகை கொடுத்தார்கள்."

"அந்தத் தொகை எங்கிருந்து வந்தது, ஐயா?"

வீட்டுக்காரர் சற்று நேரம் பேசவில்லை. நம் நாட்டில் 1961ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிற்பழகுநர் சட்டம், தொழிலகங்கள் இளைஞரை ஏற்றுப் பயிற்றவும், பயிலுங்காலத்தில் அவர்க்கு உதவித்தொகை வழங்கவும் வழிவகுத்தது. மேட்டூர் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1987ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியபின் அவ்வழியிற் பயின்றவருள் அவரும் ஒருவர். பெருந்தொழிலகத்திற் பழகுநர்க்குச் செல்லும் தொகை அதன் செலவுகளுள் ஒன்றாகின்றது. அது செய்யும் பொருளின் விலையிற் கலந்துவிடுகின்றது. வாங்குவோர் அறியாமலே கொடுக்கின்றனர். கொத்தனாருக்கோ தொழிலகம் இல்லை. கணக்கெழுதும் அலுவலகமும் இல்லை. அவருடைய ஒற்றைத் தாளில் அத்தொகை ஒரு வரியாக வெளியே தெரிந்தது. தெரிந்தமையால் வினாவுக்கு உள்ளாயிற்று.

வீட்டுக்காரர் நிமிர்ந்து, "சரி, கொடுக்கிறேன். ஆனால், அவன் பூசிய சுவர் கோணினால் என்ன செய்வீர்?" என்றார். "நானே இடித்துவிட்டுப் பூசுவேன். கூலி கேட்க மாட்டேன்" என்றார் கொத்தனார். சதுர அடிக்கு 24 ரூபாயென்று முடிவாயிற்று.

வேலை தொடங்கியது. பேரன் மணல் சலித்தான், சுவர் நனைத்தான், பொட்டு வைப்பதைக் கூர்ந்து நோக்கினான். பன்னிரண்டாம் நாள் சாமான் அறையின் உட்சுவரை அவனிடம் விட்டார் பாட்டனார். அவன் எறிந்த கலவை முதலிற் பாதி தரையில் வீழ்ந்தது. நின்ற பாதியை இழுத்துத் தேய்த்து நண்பகலில் முடித்தான். அவன் கண்ணுக்கு அது நேராகவே தோன்றியது. கொத்தனார் மட்டக்கோலை வைத்தார். நடுவில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி தெரிந்தது. அவர் ஒரு சொல்லும் கூறாமற் கரணையை எடுத்து ஈரம் காயாத அப்பூச்சை முழுவதும் வழித்தெறிந்தார். அரைநாள் உழைப்புத் தரையிற் கிடந்தது. வீணான சிமெண்டின் விலையைத் தம் கணக்கிற் குறித்துக்கொண்டார்.

இளைஞனின் முகம் வாடியது. அப்போது இருபதாண்டுகளாகக் கொத்தனாரிடம் சித்தாளாக வேலை செய்துவந்த பெண்மணி, "தம்பி, கலவையில் தண்ணீர் அதிகம், அதனால்தான் வழிந்து நடுவிடம் குழிந்தது. கொஞ்சம் கெட்டியாகக் குழைத்துத் தருகிறேன், மறுபடி எறி" என்றார். கொத்தனார் திரும்பிப் பார்த்தார். சாந்துச் சட்டியைச் சுமந்த தலைக்குள் இத்துணை அறிவு சேர்ந்திருந்ததை அவர் இருபதாண்டு காணவில்லை. ஆளில்லை, ஆளில்லை என்று ஊர் வருந்தும்போது, சாரத்தின் கீழே நின்றவரைக் கரணை பிடிக்க எவரும் அழைக்கவில்லை. மறுநாள் அவ்வறையின் எதிர்ச்சுவரில் அவர் கையிலும் ஒரு கரணையைக் கொடுத்தார்.

மூன்றாம் முறை பேரன் பூசிய சுவரில் மட்டக்கோல் ஒட்டி நின்றது. குறித்த நாளில் வேலை முடிந்தது. கூலியைப் பெற்ற கொத்தனார், பேரனுக்குரிய 13,000 ரூபாயையும் அவன் கையில் எண்ணிக் கொடுத்தார். அவன் அதனைத் தாயிடம் கொடுத்தான். அவள் மகிழ்ந்தாள் என்று சொல்வதற்கில்லை. ஆனால், மறுநாட் காலையில் அவனைத் தடுக்கவில்லை.

அடுத்த வேலை மேச்சேரியில் வந்தது. இம்முறை கணக்கை எழுதும் பொறுப்பைப் பேரனிடமே விட்டார் கொத்தனார். அவன் அளந்தான், நாட்களைக் கணித்தான், கூலி, சாரம், கருவி எல்லாவற்றையும் முறைப்படி எழுதினான். வேலை கைநழுவிவிடுமோ என்று அஞ்சிப் பழகுநர் கூலியை மட்டும் எழுதாது விட்டான். முதியவர் கண்ணாடியை அணிந்து தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். எழுதுகோலை வாங்கி, விடுபட்ட அவ்வரியைத் தம் கையாலேயே எழுதிச் சேர்த்தார்.

கூலி என்பது இன்றைய உழைப்பிற்கு மட்டும் தரும் விலையன்று. நேற்று ஒருவர் கற்றதும், நாளை ஒருவர் கற்கப்போவதும் அதில் அடங்கும். ஆள் இல்லாமையைக் காட்டி மிகுதியாகக் கேட்பவன் பிறர் இடரை விற்கிறான். வேலை போய்விடுமென்று அஞ்சிக் கற்போனின் பங்கை அழிப்பவன் தன் தொழிலையே விற்கிறான். இவ்விரண்டுக்கும் இடையே காட்டக்கூடிய கணக்கு ஒன்று உண்டு. அக்கணக்கை எழுதத் துணிவோர் கையிற் கரணை உள்ளவரையில், அதனைப் பெற்றுக்கொள்ள இளங்கைகளும் வரும்.